வீட்டு விர்ச்சுவல் பின்பால் கேபினெட்டுக்குத் திரை தேர்வு செய்வது எப்படி: அளவெடுப்பதிலிருந்து மரம் அறுப்பது வரை

பின்பால் என்பது சாய்ந்த பலகையில் உருளும் உலோகப் பந்தைத் தட்டி ஆடும் ஆட்டம். விர்ச்சுவல் பின்பால் கேபினெட் என்பது உண்மையான பின்பால் இயந்திரத்தின் உருவிலேயே செய்த மரப்பெட்டி. மேலே கண்ணாடி, பந்தைத் தட்டும் துடுப்புகளான ஃபிளிப்பர்களை இயக்க இரு பக்கமும் பொத்தான்கள், பந்தைச் செலுத்த முன்புறம் இழுத்து விடும் பிளஞ்சர் எல்லாம் இருக்கும். பந்து உருளும் பலகைக்குப் பதிலாக, கண்ணாடிக்கு அடியில் ஒரு பெரிய திரை படுத்திருக்கும். பெட்டிக்குள் இருக்கும் கணினி, விஷுவல் பின்பால் போன்ற மென்பொருளின் வழியாக ஆட்டத்தை அந்தத் திரையில் ஓட்டுகிறது. இந்த வேலையில் இறங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் மரத்தைப் பற்றி யோசிக்கிறார்கள், அல்லது கிராபிக்ஸ் அட்டையைப் பற்றி. எந்த ஐயமும் இல்லாமல் சொல்கிறேன்: முதலில் முடிவாக வேண்டியது திரை. பெட்டியின் அகலம், நீளம், பிளஞ்சரின் இடம், கணினியின் திறன், மின்சாரம் வரும் வழி ஆகிய அனைத்தும் திரையைப் பின்பற்றியே அமையும். மரத்தை அறுத்த பிறகு திரை தேடியவர்கள், கிடைத்ததை வாங்கிக்கொண்டு சமாதானம் ஆனதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கடைகளில் தொலைக்காட்சிக்கு அருகில் வைத்திருக்கும் விவரச் சீட்டு, சோபாவில் அமர்ந்து மூன்று மீட்டர் தள்ளி நேராகப் பார்ப்பவருக்காக எழுதப்பட்டது. பின்பால் ஆடுபவரோ நின்றபடி, திரையின் ஒரு முனையில் இடுப்பை ஒட்டி, மேலிருந்து சாய்வாகப் பார்க்கிறார். இந்த வேறுபாட்டை மனத்தில் நிறுத்திக்கொண்டால், கீழே வரும் படிகள் ஒவ்வொன்றும் ஏன் அந்த வரிசையில் வருகின்றன என்பது விளங்கும்.

படி 1: எத்தனை திரைகள் என்று முடிவு செய்யுங்கள்

முழுமையான கேபினெட்டில் மூன்று திரைகள் இருக்கும். பந்து ஓடும் ஆடுகளத்துக்கு, அதாவது பிளேஃபீல்டுக்கு ஒன்று. நிமிர்ந்து நிற்கும் தலைப்பெட்டியில் படம் காட்டும் பேக்கிளாஸுக்கு ஒன்று. ஆட்ட மதிப்பெண்ணும் சிறு அசைவுப்படங்களும் தெரியும் டிஎம்டி என்ற புள்ளித்திரைக்கு ஒன்று. பேக்கிளாஸையும் டிஎம்டியையும் ஒரே திரையில் மேலும் கீழுமாகப் பிரித்துக் காட்டி, இரண்டு திரைகளோடு நிறுத்திக்கொள்வதும் உண்டு. பணம் குறைவாக இருந்தால் அதில் தவறில்லை. மிச்சமாகும் தொகையை ஆடுகளத் திரையில் போடுங்கள். ஆடும்போது நம் கண் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். இந்த வழிகாட்டியின் பெரும்பகுதியும் அந்த ஒரு திரையைப் பற்றியதே.

படி 2: பெட்டியின் உள்ளகலத்தையும் திரையின் வெளியகலத்தையும் ஒப்பிடுங்கள்

அமெரிக்காவில் வில்லியம்ஸ், பேலி நிறுவனங்கள் செய்த வழக்கமான பின்பால் பெட்டியின் வெளியகலம் 22 அங்குலம். முக்கால் அங்குலப் பலகை இரு பக்கமும் போக, உள்ளே கிடைப்பது 20.5 அங்குலம், அதாவது சுமார் 521 மில்லிமீட்டர். 1990களின் தொடக்கத்தில் வந்த அகலப் பெட்டிகள் இதைவிட ஏறத்தாழ மூன்று அங்குலம் விரிந்தவை. வீட்டில் கேபினெட் செய்பவர்கள் இவ்விரண்டில் ஒன்றை மாதிரியாக வைத்துக்கொள்கிறார்கள். கால்கள், முன்பட்டை, பக்கத் தகடுகள், கண்ணாடி போன்றவை ஆயத்தமாகக் கிடைப்பது இந்த அளவுகளில்தான் என்பதே அதற்குக் காரணம். வழக்கமான பெட்டியின் கண்ணாடி 21 அங்குல அகலமும் 43 அங்குல நீளமும் கொண்டது.

இனி திரைக்கு வருவோம். அங்குலக் கணக்கில் சொல்லப்படுவது மூலைக்கு மூலை அளவு. 16:9 விகிதத் திரையில், மூலைவிட்டத்தை 0.872 ஆல் பெருக்கினால் நீளம் வரும், 0.49 ஆல் பெருக்கினால் அகலம் வரும். 40 அங்குலத் திரையின் படப்பரப்பு இப்படி 34.9 அங்குல நீளமும் 19.6 அங்குல அகலமும் ஆகிறது. அகலம் மில்லிமீட்டரில் 498. 521இல் அதைக் கழித்தால் 23 மில்லிமீட்டர் மிஞ்சும். இரு பக்கத்து விளிம்புச் சட்டமும் சேர்ந்து அதற்குள் அடங்கினால், அந்தத் திரை வழக்கமான பெட்டிக்குள் இறங்கும். 39, 40 அங்குலத் திரைகளை இந்தப் பொழுதுபோக்கில் உள்ளவர்கள் தேடித் தேடி வாங்குவதன் ரகசியம் இவ்வளவுதான்.

43 அங்குலம் என்று விற்கப்படும் தொலைக்காட்சிகளின் படப்பரப்பு பெரும்பாலும் 42.5 அங்குலம்தான், நீளம் 941, அகலம் 529 மில்லிமீட்டர். படப்பரப்பே 521ஐத் தாண்டிவிட்டதால், வழக்கமான பெட்டியின் உட்சுவர்களுக்கு இடையே அது நுழையாது. மூன்று வழிகள் உண்டு. அகலப் பெட்டி செய்யலாம். வழக்கமான அளவைவிட ஓர் அங்குலம் அல்லது ஒன்றரை அங்குலம் கூட்டி, உங்கள் திரைக்கென்றே பெட்டி செய்யலாம். அப்போது முன்பட்டையையும் கண்ணாடியையும் தனியாகச் சொல்லிச் செய்ய வேண்டிவரும். மூன்றாவதாக, பக்கப் பலகைகளின் உட்புறத்தில் ரௌட்டர் என்ற மரவேலைக் கருவியால் நீளமான பள்ளம் எடுத்து, திரையின் விளிம்புகளை அதற்குள் செருகலாம். முக்கால் அங்குலப் பலகை 19 மில்லிமீட்டர் தடிமன் உள்ளது. அதில் ஒரு பக்கம் 6 மில்லிமீட்டருக்கு மேல் எடுப்பதை நான் விரும்புவதில்லை, ஏனென்றால் அந்தப் பலகைதான் கண்ணாடியையும் ஆடுபவரின் கைகளின் எடையையும் தாங்குகிறது.

வெளிச்சட்டத்தைக் கழற்றிவிட்டு, படம் காட்டும் தகடான பேனலை மட்டும் வைப்பவர்களும் உண்டு. பழைய தடித்த சட்டத் திரைகளில் அதனால் இரண்டு அங்குலம்வரை மிச்சமானது. இன்றைய மெல்லிய சட்டத் திரைகளில் கிடைப்பது சில மில்லிமீட்டர். பேனலைப் பிடித்து நிறுத்துவதே அந்தச் சட்டம் என்பதால் ஆபத்தோ அதிகம். உத்தரவாதமும் அந்த நிமிடமே போய்விடும். அகலத்தில் 5 மில்லிமீட்டருக்காக இதைச் செய்யாதீர்கள். பலகையில் பள்ளம் எடுங்கள்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியது தயாரிப்பாளரின் தளத்தில் உள்ள "நிறுத்தி இல்லாமல்" என்ற வெளியளவு. மூலைவிட்ட அளவு ஒன்றாக இருந்தாலும் இரு மாதிரிகளின் வெளியகலம் வேறுபடும். கீழ்விளிம்பில் பெயர்ப்பட்டையும் ரிமோட் உணரியும் துருத்திக்கொண்டிருக்கும் மாதிரிகளும் உள்ளன. திரையை நீளவாட்டில் திருப்பிப் படுக்கவைக்கும்போது அந்தத் துருத்தல் ஒரு பக்கச் சுவரில் இடிக்கும். பிறகு பெட்டி தயாராகி, திரை மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு வெளியே நிற்கும்.

நீளத்தில் நெருக்கடி இல்லை, ஆனால் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. உண்மையான ஆடுகளம் ஏறத்தாழ 20 அங்குல அகலமும், நிறுவனத்தையும் காலத்தையும் பொறுத்து 42 முதல் 46 அங்குல நீளமும் கொண்டது. நீளம் அகலத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். 16:9 திரையில் அது 1.78 மடங்குதான். ஆகவே முழு ஆடுகளத்தையும் காட்டும்போது மென்பொருள் அதைச் சற்றே குறுக்கியோ, தொலைவில் போகப்போகச் சுருங்கும் கோணத்திலோ வரைகிறது. கண் ஒரு வாரத்தில் பழகிவிடும். திரையை உள்ளே வைத்தபின் பெட்டியின் நீளத்தில் ஓர் அடிக்கு மேல் வெற்றிடம் மிஞ்சும். அதில் மூன்று நான்கு அங்குலத்தை ஆடுபவர் பக்கம் விடுங்கள். அங்கே ஆட்டக் குறிப்பு அட்டைகளுடன் ஒரு சாய்வுப் பலகை வைத்தால் உண்மையான இயந்திரத்தின் தோற்றம் வரும், பிளஞ்சரின் கம்பியும் சுருள்வில்லும் உள்ளே நீள்வதற்கும் இடம் கிடைக்கும். மீதியைப் பின்பக்கம் விட்டு, அங்கே விளக்குகளை நிறுத்தலாம்.

பிளஞ்சர் விஷயத்தை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். திரையைக் கண்ணாடிக்கு மிக அருகில் உயர்த்தினால் அதன் முன்விளிம்பு பிளஞ்சர் வரும் உயரத்தைத் தொடும். மிகவும் தாழ்த்தினால் பக்கச் சுவர்கள் படத்தின் ஓரத்தை மறைக்கும். திரையின் தடிமனையும், பக்கப் பொத்தான்களின் பின்புறச் சுவிட்சுகள் எவ்வளவு உள்ளே நீள்கின்றன என்பதையும் ஒரு தாளில் உண்மை அளவில் வரைந்து பார்ப்பதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். அந்த மாலையை ஒதுக்குங்கள்.

வீட்டில் இடமில்லாதவர்கள் சிறு கேபினெட் செய்கிறார்கள். அதற்கு 27 அங்குலத் திரையின் படப்பரப்பு 597 × 336 மில்லிமீட்டர், 32 அங்குலத்தில் 708 × 398. அந்த அளவுகளில் விளையாட்டுக்கென்றே செய்த வேகமான கணினித் திரைகள் ஏராளம் என்பதால், தேர்வு எளிது.

படி 3: பக்கவாட்டிலிருந்து பாருங்கள்

பலரும் கவனிக்காமல் விட்டு, பிறகு வருந்தும் இடம் இது. நானும் வருந்தியவன்தான். முதல் கேபினெட்டுக்கு நான் வாங்கிய 40 அங்குலத் திரை, சுவரில் மாட்டியிருந்தபோது ஆழ்ந்த கறுப்பைக் காட்டி என்னை மயக்கியது. பெட்டிக்குள் படுக்கவைத்து, இரவு நேரக் காட்சி வரையப்பட்ட ஓர் ஆடுகளத்தை ஏற்றிப் பார்த்தேன். என் கைக்கருகில் இருந்த ஃபிளிப்பர்கள் நிறம் குன்றாமல் இருந்தன. பந்தை எற்றித் தள்ளும் பம்பர்கள் இருக்கும் பின்பகுதியோ, சாம்பலைத் தூவியதுபோல் வெளுத்துக் கிடந்தது. ஒளியளவை மாற்றினேன், நிறத்தை ஏற்றினேன். முன்பகுதி கெட்டதே தவிர பின்பகுதி தேறவில்லை. திரையில் பழுது எதுவும் இல்லை. அது எல்சிடி வகைகளில் ஒன்றான விஏ பேனல் என்பதும், நான் நிற்கும் இடம் அதற்கு ஒவ்வாதது என்பதும்தான் பிழை.

கணக்கைப் பாருங்கள். ஆடுபவரின் கண் தரையிலிருந்து 160 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்றும், திரையின் முன்விளிம்பு 85 செ.மீ. உயரத்தில் கண்ணுக்கு 28 செ.மீ. முன்னால் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஆடுகளத்தின் சாய்வு வழக்கமான 6.5 பாகை. அப்படியானால் திரையின் முன்விளிம்பைத் திரைக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து சுமார் 14 பாகை விலகிப் பார்க்கிறோம், 90 செ.மீ. தள்ளியுள்ள பின்பகுதியைச் சுமார் 55 பாகை விலகிப் பார்க்கிறோம். ஒரே பார்வையில் இவ்வளவு வேறுபட்ட கோணங்கள். விஏ பேனலில் நேர்பார்வையில் கறுப்பு நன்றாக இருக்கும். ஆனால் கோணம் கூடக்கூட இருண்ட நிறங்கள் வெளுத்து, மாறுபாடு குறையும். எல்சிடியின் இன்னொரு வகையான ஐபிஎஸ் பேனலில் கறுப்பு சற்றே சாம்பல் கலந்தது என்றாலும், 55 பாகையிலும் நிறம் ஏறத்தாழ மாறாமல் நிற்கும். ஒவ்வொரு பிக்செலும் தானே ஒளிரும் ஓஎல்இடி இரண்டிலும் சிறந்தது. அதற்கென்று வேறொரு சிக்கல் உண்டு, அதைப் பின்னர் பார்ப்போம்.

திரை நீளவாட்டில் திரும்பியிருப்பதால், ஆடுபவர் நிற்கும் பக்கம் தொலைக்காட்சியின் இடப்பக்கமாகவோ வலப்பக்கமாகவோ அமையும். எனவே கடையில் சோதிப்பது எளிது. திரையின் முன்னால் நிற்காமல், அதன் பக்கவிளிம்பைத் தாண்டி ஒரு சாண் தள்ளி நில்லுங்கள். முகம் திரையின் தளத்திலிருந்து முக்கால் மீட்டர் முன்னால் இருக்கட்டும். அங்கிருந்து எதிர் முனையைப் பாருங்கள். செல்பேசியில் ஏதாவது ஓர் இருண்ட ஆடுகளத்தின் படத்தை வைத்திருந்து, அதைத் திரையில் காட்டச் சொன்னால் இன்னும் நல்லது. இரண்டு நிமிடச் சோதனை. விற்பனையாளர் வியப்பாகப் பார்க்கலாம், பார்க்கட்டும்.

ஒரே மாதிரிப் பெயரில் 43 அங்குலத்துக்கு ஒரு வகைப் பேனலும் 50 அங்குலத்துக்கு வேறு வகைப் பேனலும் வருவது உண்டு. ஒரே அளவிலும் தயாரிப்பு நாட்டைப் பொறுத்துப் பேனல் மாறலாம். எனவே "இந்தத் தொடர் ஐபிஎஸ்தான்" என்று யாராவது சொன்னதை மட்டும் நம்பாமல், உங்களுக்குத் தரப்போகும் அளவையே கண்ணால் பார்த்து முடிவு செய்யுங்கள்.

படி 4: தாமதத்தையும் புதுப்பிப்பு வீதத்தையும் அளந்து அறியுங்கள்

பொத்தானை அழுத்தும் கணத்துக்கும், திரையில் ஃபிளிப்பர் எழும் கணத்துக்கும் இடைப்பட்ட நேரமே தாமதம். ஒரு மீட்டர் நீளத்தை அரை நொடியில் கடக்கும் பந்து, ஒரு மில்லிநொடியில் 2 மில்லிமீட்டர் நகர்கிறது. மொத்தத் தாமதம் 50 மில்லிநொடி என்றால், அதற்குள் பந்து 100 மில்லிமீட்டர் போய்விடும். வழக்கமான ஃபிளிப்பரின் நீளமே 3 அங்குலம், அதாவது 76 மில்லிமீட்டர். அந்த வேகத்தில் வரும் பந்தை, நீங்கள் சரியான கணத்தில் அழுத்தியும் தவறவிடுவீர்கள். உண்மையான இயந்திரத்தில் நன்றாக ஆடுகிறவர்கள் ஒரு விர்ச்சுவல் கேபினெட்டைத் தொட்டவுடன் "இதில் உயிரில்லை" என்று சொல்வதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

தொலைக்காட்சி, படத்தை அழகுபடுத்துவதற்காக ஒவ்வொரு சட்டகத்தையும் சிறிது நேரம் பிடித்துவைத்துச் செப்பனிடுகிறது. விளையாட்டு நிலை என்ற அமைப்பு அந்த வேலைகளை நிறுத்துகிறது. அது இல்லாத தொலைக்காட்சியை வாங்காதீர்கள். இருந்தாலும், உங்கள் கணினி இணையும் அதே எச்டிஎம்ஐ துளைக்கு அது பொருந்துகிறதா என்று சரிபாருங்கள். அசைவை மென்மையாக்குவதாகச் சொல்லும் அமைப்பு எந்தப் பெயரில் இருந்தாலும் அணைத்துவிடுங்கள். கணினித் திரைகளில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

அடுத்தது புதுப்பிப்பு வீதம். நொடிக்கு 60 முறை மாறும் திரையில் ஒரு சட்டகம் 16.7 மில்லிநொடி நீடிக்கிறது. நாம் மேலே சொன்ன பந்து அந்த நேரத்தில் 33 மில்லிமீட்டர் தாவுகிறது. பின்பால் பந்தின் விட்டமோ 27 மில்லிமீட்டர். ஆகவே வேகமான பந்து ஒவ்வொரு சட்டகத்திலும் தன் உடலளவைவிட அதிகமாகத் தாவித் தாவி வருகிறது. கண்ணுக்கு அது தனித்தனிப் பந்துகளின் வரிசையாகத் தெரியும். 120 முறை மாறும் திரையில் சட்டகம் 8.3 மில்லிநொடி, தாவல் 17 மில்லிமீட்டர். பந்தின் முந்தைய இடமும் புதிய இடமும் ஒன்றன்மேல் ஒன்று படிவதால், கண் அதைத் தொடர்ந்து பின்தொடர்கிறது. 60இலிருந்து 120க்குப் போவதில் கிடைக்கும் இன்பத்தை, வேறெந்த மேம்பாட்டிலும் நான் அடைந்ததில்லை. 144க்கும் 165க்கும் போனால் வேறுபாடு உண்டு, ஆனால் சிறிது.

பெட்டியின்மேல் அச்சிடும் பெரிய எண்களை நம்பாதீர்கள். "மோஷன்" என்ற சொல்லோடு வரும் 200, 240 போன்றவை பெரும்பாலும் விளம்பரக் கணக்குகள். பேனல் உள்ளே 60ஆகவே இருக்கலாம். கணினியைச் செருகி, விண்டோஸின் திரை அமைப்பில் எந்த வீதம் பட்டியலில் வருகிறது என்று பார்ப்பதே நிச்சயமான வழி.

தாமதத்தை வீட்டிலேயே அளக்கலாம். நொடிக்கு 240 சட்டகங்கள் பிடிக்கும் செல்பேசி கேமராவை, ஃபிளிப்பர் பொத்தானில் இருக்கும் விரலும் திரையில் உள்ள ஃபிளிப்பரும் ஒரே காட்சியில் தெரியும்படி நிறுத்துங்கள். பத்து முறை அழுத்துங்கள். பிறகு பதிவை ஒவ்வொரு சட்டகமாக நகர்த்தி, விரல் முழுதும் அழுந்திய சட்டகத்திலிருந்து ஃபிளிப்பர் அசையத் தொடங்கும் சட்டகம்வரை எண்ணுங்கள். ஒரு சட்டகத்துக்கு 4.2 மில்லிநொடி. பத்தின் சராசரியை எடுங்கள். இதில் பொத்தான் பலகை, கணினி, மென்பொருள், திரை ஆகிய எல்லாவற்றின் தாமதமும் சேர்ந்திருக்கும். எனவே விளையாட்டு நிலையை ஒருமுறை போட்டும் ஒருமுறை அணைத்தும் அளந்தால், வரும் வேறுபாடு திரையின் பங்கைக் காட்டிவிடும்.

மூன்றாவதாக, பிக்செல் நிறம் மாற எடுத்துக்கொள்ளும் நேரம். இருளிலிருந்து வெளிச்சத்துக்கு மாறுவதில் மந்தமான பேனல்களில், இருண்ட ஆடுகளத்தின்மேல் ஓடும் வெள்ளிப் பந்துக்குப் பின்னால் நிழல்வால் ஒன்று இழுபடும். விஏ பேனல்கள் பலவற்றில் இதையும் காணலாம். கோணம், வால் இரண்டும் சேர்ந்து விஏயை ஆடுகளத்துக்கு ஏற்றதன்று என்று நான் சொல்லக் காரணங்களாகின்றன.

படி 5: தெளிவுத்திறனைக் கிராபிக்ஸ் அட்டையோடு பொருத்துங்கள்

1920 × 1080 திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்செல்கள். 4கே எனப்படும் 3840 × 2160 திரையில் 82.9 லட்சம், சரியாக நான்கு மடங்கு. 40 அங்குலத்தில் முன்னதுக்கு ஓர் அங்குலத்துக்கு 55 பிக்செல்களும், பின்னதுக்கு 110ம் கிடைக்கின்றன. கண் முக்கால் மீட்டரில் இருப்பதால் 55இல் ஓரங்களின் படிக்கட்டு தெரியும்; ஆடுகளத்தில் அச்சிட்ட சிறு எழுத்துகளைப் படிப்பது கடினம். 4கேயில் அவை மணிமணியாக நிற்கும்.

ஆனால் நான்கு மடங்கு பிக்செல்களை நொடிக்கு 120 முறை வரைய வலுவான அட்டை வேண்டும். பழைய அட்டையை வைத்துக்கொண்டே செய்பவருக்கு என் பரிந்துரை: 4கே 120 திரையாகவே வாங்குங்கள், அது 1080லும் 120 வீதத்தை ஏற்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள், அட்டை மாற்றும்வரை 1080இல் ஓட்டுங்கள். வீதத்தை விட்டுக்கொடுத்துத் தெளிவை வாங்குவதைவிட, தெளிவை விட்டுக்கொடுத்து வீதத்தைக் காப்பது பின்பாலுக்குப் பொருத்தமானது.

கம்பிவடத்தையும் கவனியுங்கள். எச்டிஎம்ஐ 2.0 வழியில் 4கே படம் முழு நிறத்துடன் 60 வரைதான் போகும். 120க்கு எச்டிஎம்ஐ 2.1 அல்லது டிஸ்ப்ளேபோர்ட் 1.4 திரையிலும் அட்டையிலும் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று பழையதானால் வீதம் 60இல் நின்றுவிடும். குற்றத்தைத் திரையின்மேல் போட்டுவிட்டுத் திருப்பி அனுப்புபவர்களும் உண்டு.

படி 6: ஓஎல்இடியா என்பதை நிதானமாக முடிவு செய்யுங்கள்

2022இல் 42 அங்குல ஓஎல்இடி தொலைக்காட்சிகள் சந்தைக்கு வந்தபோது, இந்தப் பொழுதுபோக்கில் ஈடுபட்டவர்களுக்கு அது பெரிய செய்தி. எந்தக் கோணத்திலும் மாறாத நிறம், முழுக் கறுப்பு, நிழல்வால் இல்லாத பந்து, 120 வீதம் எல்லாம் ஒரே திரையில். இருண்ட அறையில் அதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். வெளியகலம் 54 செ.மீ. அளவில் இருப்பதால், வழக்கமான பெட்டிக்குள் அது அடங்காது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

சிக்கல், பிம்பம் பதிதல்: அசையாத படம் நெடுநேரம் நின்றால் அதன் சாயல் திரையில் தங்கிவிடுவது. பின்பாலில் கேமரா நகர்வதில்லை. ஆடுகளப் படம் மணிக்கணக்கில் அசையாமல் அதே இடத்தில் நிற்கிறது. ஒரே ஆட்டத்தை நாள்தோறும் பல மணிநேரம் ஆடும் வீட்டிலோ, விருந்தினர் வரும் அறையில் நாள் முழுதும் இயங்கவிடும் வழக்கம் உள்ளவரிடமோ ஓஎல்இடியை நான் பரிந்துரைக்க மாட்டேன். நூறு ஆடுகளங்களை மாற்றி மாற்றி மாலையில் ஒரு மணிநேரம் ஆடுபவர் வாங்கலாம். ஒளியளவை மிதமாக வைத்து, சில நிமிடங்கள் தொடாவிட்டால் அசையும் படம் ஓடும்படி அமைத்து, திரையே தன்னைச் சீர்செய்துகொள்ளும் வேலை முடியும்வரை மின்சாரத்தைத் துண்டிக்காமல் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னது கேபினெட்டில் தவறவிடப்படும் ஒன்று, ஏனென்றால் நாம் முழுப்பெட்டியையும் ஒரே சுவிட்சில் அணைத்துவிடுகிறோம்.

படி 7: பெட்டிக்குள் மறைந்தபின் எப்படி நடந்துகொள்ளும் என்று கேளுங்கள்

கண்ணாடிக்கு அடியில் போனபின் திரையின் பொத்தான் கைக்கு எட்டாது. மின்சாரம் வந்ததும் தானாக எழும் திரை வேண்டும். கணினித் திரைகள் சமிக்ஞை வந்தால் எழுந்துவிடும். தொலைக்காட்சிகளில் பல, ரிமோட் அழுத்தும்வரை உறங்கும். கடையிலேயே, திரை ஓடிக்கொண்டிருக்கும்போது செருகியைப் பிடுங்கி மீண்டும் செருகிப் பாருங்கள். எழாவிட்டாலும் வழி இல்லாமல் இல்லை: பின்ஸ்கேப் போன்ற கட்டுப்பாட்டுப் பலகைகள் மின்சாரம் வந்ததும் அகச்சிவப்புக் கதிரால் ரிமோட்டின் கட்டளையை அனுப்பவல்லவை. கூடவே, கணினி கொடுக்கும் துளையை விட்டுத் தன் முகப்புப் பக்கத்துக்கோ விளம்பரத்துக்கோ தாவும் ஸ்மார்ட் தொலைக்காட்சியா என்பதையும் பாருங்கள். அப்படியானால் அதை இணையத்தோடு இணைக்காமல் விடுவதே நிம்மதி.

துளைகள் பின்பக்கம் நேராக வெளியே நீண்டால், கம்பிவடத்தின் தலைக்கு மட்டும் இரண்டு அங்குலம் ஆழம் போகும்; பக்கவாட்டில் இருந்தால் திரை திரும்பும் திசையைப் பொறுத்து ஆடுபவர் பக்கமோ பின்பக்கமோ வரும். எந்தத் திசையில் திருப்பினாலும் அதற்கேற்பப் படத்தை அமைப்பில் சுழற்றிக்கொள்ளலாம் என்பதால், துளைகளுக்கு வசதியான திசையைத் தேர்ந்தெடுங்கள். திரையின் காற்றுத் துளைகள் நிமிர்ந்த நிலைக்காகச் செய்யப்பட்டவை. படுத்த நிலையில் வெப்பம் அடியில் தேங்கும். பெட்டியின் பின்புறத்தில் 120 மில்லிமீட்டர் விசிறிகள் இரண்டை, காற்றை வெளியே தள்ளும்படி வைக்கத் திட்டமிடுங்கள்.

படி 8: பேக்கிளாஸ், டிஎம்டி, கண்ணாடி

பேக்கிளாஸுக்கு வேகமோ கோணமோ பெரிதில்லை; நேராகத்தான் பார்க்கிறோம். 1990களின் வில்லியம்ஸ் இயந்திரங்களில் அந்தப் படம் 27 அங்குல அகலமும் 19 அங்குலத்துக்குச் சற்றே குறைந்த உயரமும் கொண்டது. 16:9 வடிவில் 32 அங்குலத் திரையின் படப்பரப்பு 27.9 × 15.7 அங்குலம், அகலம் ஏறத்தாழ ஒன்றிவிடும், உயரத்தில் மிஞ்சுவதை டிஎம்டி பலகை நிரப்பிக்கொள்ளும். பயன்படுத்திய அலுவலகத் திரை ஒன்றே போதும்.

டிஎம்டி என்பது 128 × 32 புள்ளிகள். புள்ளிக்குப் புள்ளி பத்தில் ஓர் அங்குல இடைவெளி. ஆகவே பரப்பு சுமார் 325 × 81 மில்லிமீட்டர். பழைய மடிக்கணினியின் 15.4 அங்குலப் பேனல் 331 மில்லிமீட்டர் அகலம் என்பதால், மேலும் கீழும் மறைத்துவிட்டால் அளவு கச்சிதமாக வரும். இன்னும் மெய்யான ஒளி வேண்டுமென்றால், 2.5 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள 64 × 32 எல்இடி பலகைகள் இரண்டைப் பக்கம் பக்கமாக வையுங்கள்: 320 × 80 மில்லிமீட்டர். எல்சிடியில் தெரிவது புள்ளிகளின் படம். இதில் எரிவது புள்ளிகளே. கையில் பணம் மிஞ்சினால் நான் இதற்குத்தான் செலவழிப்பேன்.

தலைப்பெட்டியின் வெளிச்சம் ஆடுகளக் கண்ணாடியில் பிரதிபலிக்கும். வில்லியம்ஸ் நிறுவனம் 1999இல் பின்பால் 2000 என்ற அமைப்பில், தலைப்பெட்டியில் வைத்த திரையைக் கண்ணாடியில் பிரதிபலிக்கவிட்டு, உருவங்கள் ஆடுகளத்தின்மேல் மிதப்பதுபோல் காட்டியது. நமக்கு அந்தப் பிரதிபலிப்பு இடையூறு. பேக்கிளாஸின் ஒளியைக் குறைத்து வைப்பதும், பளபளப்பில்லாத மேற்பரப்புள்ள ஆடுகளத் திரையை விரும்புவதும் அதைத் தணிக்கும்.

படி 9: வாங்குங்கள், படுக்கவையுங்கள், பிறகு மரத்தை அறுங்கள்

திருப்பித் தரும் கெடு உள்ள இடத்தில் வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும், மேசையின்மேல் ஒரு போர்வையை விரித்து, திரையை அதன் முதுகு படும்படி படுக்கவைத்து, பின்விளிம்பின் அடியில் புத்தகங்களை அடுக்கி 6.5 பாகை சாய்வு கொடுங்கள், 94 செ.மீ. நீளத்துக்கு ஏறத்தாழ 10.5 செ.மீ. உயரம். மேசை உயரம் போதாவிட்டால், உங்கள் கண்ணுக்கும் திரைக்கும் முக்கால் மீட்டர் இருக்கும்படி நாற்காலியில் அமர்ந்துகொள்ளலாம். அறை விளக்கை அணைத்து, முழுக் கறுப்புப் படத்தைக் காட்டி, மூலைகளில் வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள். பின்பு வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம். செத்த பிக்செல் இருந்தால் இப்போது தெரிந்துவிடும். விசைப்பலகையையே ஃபிளிப்பராக வைத்து, இருண்டது ஒன்று, வெளிச்சமானது ஒன்று என இரண்டு ஆடுகளங்களையாவது ஆடிப் பாருங்கள். மூன்று மணிநேரம் ஓடவிட்டு, முதுகுப்புறச் சூட்டைக் கையால் தொட்டுப் பாருங்கள். மறுநாள் காலையில் ஒருமுறை மின்சாரத்தைத் துண்டித்துக் கொடுத்துப் பாருங்கள்.

இவை எல்லாவற்றிலும் தேறிய பிறகு, திரையின் வெளியகலத்தை அளவுநாடாவால் மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் நீங்களே அளந்து, பெரியதை எழுதிக்கொள்ளுங்கள். இரு பக்கமும் 2 மில்லிமீட்டர் இடைவெளி சேர்த்தால் வருவதே உங்கள் பெட்டியின் உள்ளகலம். அந்த எண்ணோடு தச்சரிடம் போங்கள்.